உள்ளே போன பாலிமர் வெளியே வந்தால்... (கேள்வி-பதில்)

சென்ற இதழில், 'எண்ணெய் வயல்களில் பாறைக்குள் பாலிமர் செலுத்துகிறார்கள்' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வாசகர்கள் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே இந்த இதழில் சினிமா, அரசியல், கிரிக்கெட் மூன்றுக்கும் விடுமுறை.

? எண்ணெய் எடுக்கத்தானே கிணறு தோண்டுகிறார்கள்? அதற்குள் எதற்குப் பாலிமர்? (கல்லூரி மாணவி, சேலம்)

தோண்டியதும் எண்ணெய் பீறிட்டு அடித்து எல்லோரும் கறுப்பாக நனைந்து ஆடுவது சினிமாவில். நிஜத்தில் எண்ணெய் பூமிக்கடியில் குளமாகத் தேங்கி நிற்பதில்லை; மணற்பாறையின் நுண்துளைகளில் ஒட்டிக் கிடக்கிறது. முதலில் நிலத்தடி அழுத்தமே அதைத் தள்ளிவிடும். அது ஓய்ந்ததும் பக்கத்துக் கிணற்றின் வழியாகத் தண்ணீரைச் செலுத்தித் தள்ளுவார்கள். தண்ணீருக்கு ஒரு கெட்ட புத்தி: குறுக்குவழி. எண்ணெய் கெட்டி, தண்ணீர் மெல்லிசு. எனவே அது எண்ணெயைத் தள்ளாமல், நடுவே ஒரு சந்து கண்டுபிடித்து ஓடி, உற்பத்திக் கிணற்றில் போய்த் தலைகாட்டும். எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்று, இரண்டு கிராம் பாலிஅக்ரிலமைடு தூளைக் கரைத்தால் கஞ்சிபோல் கெட்டிப்படும். கெட்டித் தண்ணீர் சந்தில் நுழையாது. அகலமாக நின்று எண்ணெயை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். சீனாவின் டாச்சிங் வயல் இதற்குப் பெயர்போனது. 1959-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1976 முதல் 2002 வரை, 27 ஆண்டுகள், ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் கொடுத்தது. 1990-களின் நடுவில் அங்கே பாலிமரைத் தொழில் அளவில் செலுத்த ஆரம்பித்தார்கள். பாறையில் இருந்த மொத்த எண்ணெயில் கூடுதலாக ஏறக்குறைய 10 சதவீதம் கிடைத்தது. பூமிக்கடியில் 10 சதவீதம் என்பது புதிதாக ஒரு வயலைக் கண்டுபிடிப்பதற்குச் சமம்.

? நம் நாட்டில் உண்டா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்)

உண்டு. ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் மங்களா வயல். 2004-இல் கண்டுபிடிப்பு, 2009-இல் உற்பத்தி, 2011-இல் பாலிமர் முன்னோட்டம், சில ஆண்டுகளில் வயல் முழுவதும். அந்த எண்ணெயில் மெழுகு அதிகம். சாதாரண வெப்பநிலையில் உறைந்துவிடும். அதனால் குஜராத் கடற்கரை வரை வழியெல்லாம் சூடேற்றிக்கொண்டே குழாயில் அனுப்புகிறார்கள். குஜராத்தின் சானந்திலும் ஓ.என்.ஜி.சி. நெடுநாளாகப் பாலிமர் செலுத்துகிறது. ஆம், நானோ கார் தயாரித்தார்களே, அதே சானந்த்தான்.

? செலுத்திய பாலிமர் பாறைக்குள்ளேயே தங்கிவிடாதா? (குடும்பத் தலைவி, கோவில்பட்டி)

ஒரு பங்கு பாறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பங்கு குறுகிய துளைகளில் மாட்டிக்கொள்ளும். மிச்சம், மாதங்களோ வருடங்களோ கழித்து, எண்ணெயோடும் தண்ணீரோடும் மேலே வந்து சேரும். பழைய வயல்களில் கிணற்றிலிருந்து வருவதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். பெயருக்குத்தான் எண்ணெய்க் கிணறு. அந்தத் தண்ணீரில் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் பாலிமர் கரைந்திருக்கும். அங்கேதான் ஆரம்பிக்கிறது வினை.

? என்ன பெரிய வினை? எண்ணெய் மேலே மிதக்கப்போகிறது, தண்ணீர் கீழே தங்கப்போகிறது. அள்ளிக்கொள்ள வேண்டியதுதானே? (எண்ணெய்க் கடைக்காரர், ஈரோடு)

உங்கள் கடை எண்ணெய்க்கு அது சரி. கிணற்றிலிருந்து வருவது குழாய், வால்வு, பம்பு எல்லாவற்றிலும் அடிபட்டு, கலங்கி, நுண்துளிகளாக உடைந்து வருகிறது. தண்ணீருக்குள் எண்ணெய்த் துளி, எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளி. பள்ளிக்கூடத்தில் பால்மம் என்று படித்தோமே, அதுதான்.

ஒரு துளி எவ்வளவு வேகத்தில் மேலேறும் என்பதற்கு ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-இலேயே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். நாமும் போட்டுப் பார்ப்போம். துளியின் விட்டம் 20 மைக்ரான். கன மீட்டருக்கு 100 கிலோ அளவில் அது தண்ணீரைவிட லேசு என்று வைத்துக்கொள்ளுங்கள். அசையாமல் நிற்கும் சாதாரணத் தண்ணீரில் அது ஒரு மீட்டர் ஏற ஏறக்குறைய 13 மணி நேரம் ஆகும். பாலிமரால் தண்ணீரின் பிசுபிசுப்பு மூன்று மடங்கானால் 38 மணி நேரம். கூடவே துளியின் விட்டமும் பாதியாகிவிட்டால், ஆறு நாளுக்கு மேல். தொட்டியை வடிவமைத்தவர் சில மணி நேரம் என்று எண்ணி அளவு போட்டிருப்பார். எண்ணெய் பிரிவதற்குள் தண்ணீர் தொட்டியைத் தாண்டிப் போயிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பாலிமரின் சங்கிலி நெடுகிலும் எதிர் மின்னூட்டம். எண்ணெய்த் துளிகளின் மேற்பரப்பிலும் பெரும்பாலும் அதேதான். பாலிமர் போய்ச் சேர்ந்ததும் துளிகளைச் சுற்றியுள்ள எதிர்த்தன்மை கூடுகிறது. ஒன்றை ஒன்று நெருங்கவிடாமல் விலக்கி நிறுத்துகிறது. துளிகள் இணைந்து பெரிதானால்தான் சீக்கிரம் மேலேறும். இணைய மாட்டேன் என்கின்றன.

? தனியாக வந்தாலே இப்படி என்றால், கூட்டணி வைத்து வந்தால்? (அரசியல் வாசகர், மதுரை)

அரசியலை விடுமுறையில் அனுப்பினாலும் நீங்கள் விடுவதாக இல்லை. இதிலும் கூட்டணி உண்டு. பாலிமரோடு காரத்தையும், சோப்புத் தன்மையுள்ள சர்ஃபாக்டண்டையும் சேர்த்து மூவராகச் செலுத்தும் முறை. டாச்சிங்கில் அது பாலிமரைத் தனியாகச் செலுத்தியதைவிட இரண்டு மடங்கு வரை கூடுதல் எண்ணெய் தந்திருக்கிறது. ஆனால் மேலே வரும்போது சோப்பு பால்மத்தை இறுக்கிப் பிடிக்கும், பாலிமர் அதைப் பிரியவிடாமல் காவல் நிற்கும். காரமோ வழியில் பாறையிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வந்து கிணற்றிலும் பம்பிலும் உப்புப் படிவமாக அப்பிவிடும். பம்பு இறுகி நின்றுபோகும். காஸ்டிக் சோடாவைக் குறைத்து, அதைவிடச் சாதுவான சோடியம் கார்பனேட்டுக்கு அவர்கள் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணெய் கூடுதல், சண்டையும் கூடுதல். மதுரைக்காரருக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

? எனக்கு ஒரு குழப்பம். எங்கள் குடிநீர் நிலையத்திலும் பாலிஅக்ரிலமைடுதான் போடுகிறோம். அங்கே தண்ணீரைத் தெளிய வைப்பது இங்கே எப்படிக் கலக்கும்? (நீரேற்று நிலைய ஊழியர், திருச்சி)

இந்த இதழின் சிறந்த கேள்வி இதுதான். பரிசு கிடையாது, பாராட்டு மட்டும்.

விஷயம் அளவில் இருக்கிறது. நீங்கள் போடுவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், பல சமயம் அதற்கும் கீழே. அவ்வளவு குறைவாக இருக்கும்போது ஒரு நீண்ட சங்கிலியின் ஒரு முனை ஒரு தூசியில் ஒட்டும், இன்னொரு முனை அடுத்த தூசியில் ஒட்டும். இரண்டும் சேர்ந்து கனத்து அடியில் படியும். எண்ணெய் வயலில் வருவது அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. அப்போது ஒவ்வொரு துகளும் தனக்கென ஒரு பாலிமர்ப் போர்வை போர்த்திக்கொள்கிறது. பாலம் போட யாருக்கும் வெற்று இடம் இல்லை.

சங்கிலியின் நீளத்தையும் பாருங்கள். 1.8 கோடி டால்டன் எடையுள்ள ஒரு மூலக்கூறில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் கண்ணிகள். நீட்டிப் பிடித்தால் 60 மைக்ரான் அளவுக்கு வரும். மேலே நாம் கணக்குப் போட்ட துளியைவிட மூன்று மடங்கு நீளம்! அவ்வளவு நீளமாகவே திரும்பி வருவதில்லை என்பது உண்மை. பம்பிலும் பாறைத் துளையிலும் அறுந்து, வெப்பத்தில் உருமாறி, துண்டு துண்டாகத்தான் வரும். துண்டு சின்னது, அளவும் குறைவு என்றால் எண்ணெய்த் துளிகளை அது சேர்த்து வைப்பதும் உண்டு. அதனால்தான் 'பாலிமர் பிரிப்பதற்கு உதவுகிறது' என்று ஒரு ஆய்வகமும், 'கெடுக்கிறது' என்று இன்னொரு ஆய்வகமும் சொல்வதைப் பார்க்கலாம். இருவரும் பொய் சொல்லவில்லை; இருவர் குடுவையிலும் இருந்தது வேறு வேறு சரக்கு. மூட்டையிலிருந்து அப்போது எடுத்துக் கரைத்த புதுத் தூளை வைத்துச் சோதித்துவிட்டு வயலுக்கு மருந்து எழுதித் தருகிறவர்களை மட்டும் நான் நம்பமாட்டேன்.

? எதிர் மின்னூட்டம் என்றால் நேர் மின்னூட்டமுள்ள ரசாயனம் போட்டுச் சமன் செய்துவிடலாமே! இது பத்தாம் வகுப்புப் பாடம். (பத்தாம் வகுப்பு மாணவன், தர்மபுரி)

நூற்றுக்கு நூறு, தம்பி. பல வயல்களில் பெரியவர்களும் முதலில் அதைத்தான் செய்தார்கள். சாதாரண எண்ணெய் வயலில் தண்ணீரைத் தெளிய வைக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை நேர் மின்னூட்டம் உள்ளவை. ஊற்றினார்கள். நேரும் எதிரும் கட்டிக்கொண்டன. ஆனால் கட்டிக்கொண்டது துளியை அல்ல, பாலிமரை. மருந்து முழுவதையும் பாலிமரே விழுங்கிவிட்டது. இரண்டும் சேர்ந்து எண்ணெயையும் மண்ணையும் பூசிக்கொண்டு பசைப்பிண்டமாகத் திரண்டன. அந்தப் பிண்டம் வடிகட்டியை அடைக்கும், தொட்டியின் மேலே பாயாக மிதக்கும், மட்டம் காட்டும் கருவியில் ஒட்டிக்கொண்டு பொய் மட்டம் காட்டும்.

சீனாவின் போஹாய் விரிகுடா மேடைகளில் இந்த ஒட்டும் கசடை அள்ளிக் கரைசேர்ப்பதே தனி வேலையானது. கடல்மேடையில் இடம் எவ்வளவு விலை தெரியுமா? அதில் பாதியைக் கசடுக்குக் கொடுத்தால் எப்படி?

மின்னூட்டம் இல்லாத மருந்துகள் உண்டு. அவை மெதுவாக வேலை செய்யும், விலையும் கூடுதல். பாடப்புத்தகம் தப்பில்லை, தம்பி. கலவையில் மூன்றாவதாக ஒருவர் இருப்பதை அது சொல்லவில்லை.

? பிரியவில்லை என்றால் கொதிக்க வைத்துவிட்டால்? (உணவக உரிமையாளர், காரைக்குடி)

செட்டிநாட்டுப் பதில்! எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிக்கச் சூடேற்றுவது பல வயல்களில் வழக்கம்தான். கலவைக்குள் நெருப்புக்குழாய் ஓடும் கலங்கள் உண்டு. பாலிமர் கலந்து வந்தால், அந்தக் குழாயின் சூடான தோலில் அது படிந்து காய்ந்து அடையாகப் பிடித்துவிடும். அடை பிடித்ததும் சூடு கலவைக்குப் போகாது, குழாய்க்குள்ளேயே தேங்கும். உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகி வளைந்து, கடைசியில் ஓட்டை விழும்.

அலாஸ்காவின் மில்னே பாயிண்டில் 2018-இல் பாலிமர் செலுத்த ஆரம்பித்தபோது இந்தப் பயம் முதல் வரிசையில் நின்றது. திரும்பி வரும் பாலிமர் சூடேற்றிகளை என்ன செய்யும் என்பதை, அது வந்து சேரும் முன்பே ஆய்வகத்தில் குழாய்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே பாலிமர் கரைந்தே இருக்கும். அதைத் தாண்டினால் கரைசல் கலங்கி, பாலிமர் வெளியே வந்து உலோகத்தில் ஒட்டும். ஆக, முழுக் கலவை எத்தனை டிகிரி என்று பார்த்தால் போதாது, குழாயின் தோல் எத்தனை டிகிரி என்று பார்க்க வேண்டும். தோசைக்கல் வைத்திருக்கும் உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

? பம்புக்கு ஏதாவது ஆகுமா? (மோட்டார் மெக்கானிக், கோவை)

கோவை பம்பைக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். டாச்சிங் கிணறுகளில் பெரும்பாலானவை தலையாட்டிப் பம்புகள். கீழே ஆயிரம் மீட்டர் ஆழத்தில் உள்ள பம்பை நீண்ட இரும்புக் கம்பிதான் மேலும் கீழும் இழுக்கிறது. வெறும் தண்ணீர் வந்தவரை கம்பி குழாயின் நடுவிலேயே ஓடியது. பாலிமர் வந்ததும் கம்பிகள் ஒரே பக்கமாகத் தேய்ந்து அறுந்து விழ ஆரம்பித்தன. காரணம், பாலிமர் கரைசல் பிசுபிசுப்பானது மட்டுமல்ல, மீள்தன்மையும் உள்ளது. இழுத்தால் பக்கவாட்டிலும் தள்ளும். கம்பி குழாயின் நட்டநடுவில் இருந்து கொஞ்சம் விலகினாலும் அந்தத் தள்ளு அதைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். கம்பியில் ஆங்காங்கே நடுநிறுத்தி வளையங்கள் மாட்டியும், உராய்வு குறைந்த பம்புகளை இறக்கியும் சமாளித்தார்கள்.

மின்மோட்டாரோடு கிணற்றுக்குள் இறங்கும் பம்புகளுக்குத் தொல்லை வேறு மாதிரி. மோட்டாரின் சூட்டில் பாலிமரும் உப்பும் சேர்ந்து மேலே அப்பிக்கொள்ளும். சூடு வெளியேற வழியில்லாமல் மோட்டார் கருகும்.

? நான் பங்க்கில் போடும் பெட்ரோலில் பாலிமர் கலந்திருக்குமா? (ஆட்டோ ஓட்டுநர், சென்னை)

இருக்காது. அது தண்ணீரில் கரைவது, எண்ணெயில் கரைவதில்லை. உங்கள் வண்டி இழுக்கவில்லை என்றால் காரணத்தை வேறெங்காவது தேடுங்கள்.

? பாலிமர் என்றால் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் என்றால் விஷம். சரிதானே? (சூழல் ஆர்வலர், உதகை)

அவ்வளவு நேர்கோடு இல்லை. பாலிஅக்ரிலமைடு சங்கிலி பெரிய விஷமல்ல. அதன் ஒற்றைக் கண்ணியான அக்ரிலமைடு நரம்புகளுக்குக் கெடுதல். குடிநீரில் லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. தூள் தயாரிக்கும்போது இணையாமல் மிஞ்சும் கண்ணிகளை அதனால்தான் கண்காணிக்கிறார்கள். இதே அக்ரிலமைடு வறுத்த உருளைக்கிழங்கிலும் உண்டாகிறது என்று 2002-இல் ஸ்வீடனில் கண்டுபிடித்தார்கள். சிப்ஸ் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்கள் கவலை நியாயமாகும் இடம் வேறு. இந்தச் சங்கிலி இயற்கையில் லேசில் மக்காது. வடகடலில் மேடையிலிருந்து கடலில் விடும் தண்ணீரில் கலந்துள்ள எண்ணெய் லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாலிமர் கலந்த தண்ணீரில் அந்த அளவை எட்டுவதே பெரும்பாடு. எட்டினாலும் பாலிமர் அப்படியே கடலுக்குள் போகும். எனவே கடலில் விடாமல் மறுபடி பாறைக்குள்ளேயே செலுத்துவதுதான் மரியாதையான வழி. நிலத்தில் உள்ள வயல்களுக்கும் அதே. வாய்க்காலில் திறந்துவிட்டு 'சுத்திகரித்துவிட்டோம்' என்பவரிடம் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். எண்ணெய் அளவு மட்டும் போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

? மறுபடி உள்ளேயே செலுத்தலாம் என்றால் ஏன் இத்தனை புலம்பல்? பாலிமரும் மிச்சம், தண்ணீரும் மிச்சம்! (கணக்காளர், சிவகாசி)

கணக்கு சரி, ஆனால் இரண்டு வரவை எழுதி மூன்று செலவை விட்டுவிட்டீர்கள். அந்தத் தண்ணீரில் எண்ணெயும் தூசியும் மிஞ்சியிருந்தால், செலுத்தும் கிணற்றின் வாயிலேயே பாறையை அடைத்துவிடும். பாறையிலிருந்து வந்த உப்பும் சுண்ணாம்புச் சத்தும் அதில் இருக்கும். உப்புத் தண்ணீரில் புதுப் பாலிமர் சுருண்டுகொள்ளும், அதே கெட்டிக்கு இரண்டு மூட்டை கூடுதலாகப் போட வேண்டும். மூன்றாவது, நுண்ணுயிர்கள். பாலிமரில் உள்ள நைட்ரஜன் அவற்றுக்குச் சாப்பாடு. சில ரகங்கள் கந்தகத்தைப் பிடித்து அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவாக்கும். அது குழாயை அரிக்கும். அரித்ததில் உண்டாகும் இரும்பு சல்பைடு கறுப்புத் தூளாகத் துளிகளைச் சூழ்ந்து பால்மத்தை இன்னும் இறுக்கும்.

இத்தனைக்குப் பிறகும் மறுபடி செலுத்துவதுதான் லாபம் என்பேன். முதல் நாளிலேயே கணக்கில் சேர்த்தால்.

? ஒரேயடியாகப் பாலிமரை உடைத்துத் தொலைத்துவிட முடியாதா? (பொறுமையிழந்த வாசகர், ஊர் குறிப்பிடவில்லை)

முடியும். பிளீச்சிங் வகை ரசாயனம், ஓசோன், புற ஊதாக் கதிர், இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த ஃபென்டன் முறை: எல்லாம் சங்கிலியை அறுக்கும். பிசுபிசுப்பு போய்விடும். கூடவே குழாயும் அரிபடும், செலவும் ஏறும், மறுபடி பயன்பட்டிருக்கக்கூடிய பாலிமரும் போகும்.

இன்னும் சுலபமாக உடைவதும் உண்டு, அது வேண்டாத நேரத்தில். தண்ணீரில் கரைந்த இரும்போடு காற்று பட்டால் போதும், சங்கிலி தானாக அறுந்துவிடும். இதனால் வரும் ஒரு வேடிக்கை: கிணற்றடியில் பாட்டிலில் மாதிரி பிடித்து, மூடியைச் சரியாக மூடாமல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். போய்ச் சேர்வதற்குள் பாலிமர் உடைந்து, எண்ணெய் தானாகப் பிரிந்து நிற்கும். 'இங்கே எந்தப் பிரச்சினையும் இல்லையே' என்று அறிக்கை வரும். வயலில் இருப்பவர் தலையில் அடித்துக்கொள்வார்.

? பாலிமர் எவ்வளவு வந்திருக்கிறது என்று எப்படி அளப்பது? (ஆய்வக உதவியாளர், நாகர்கோவில்)

பழைய முறை ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். புரோமினைப் பாலிமரோடு வினைபுரிய வைத்து, அதன் வழியாக அயோடினை வெளியே கொண்டுவந்து, ஸ்டார்ச்சில் நீல நிறம் காட்டுவது. நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாலிமர். எண்ணெயும் இரும்பும் குறுக்கிட்டால் ஏமாற்றும். முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும்.

? இத்தனை வில்லங்கம் வரும் என்று பெரிய பெரிய பொறியாளர்களுக்கு முன்பே தெரியாதா? (முன்னாள் அரசு அதிகாரி, வேலூர்)

தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரியாத அலுவலகமா? பாறைக்குள் நடப்பதைக் கணக்கிடுகிறவர்கள் ஒரு மாடியில்; மேலே தொட்டியும் குழாயும் கட்டுகிறவர்கள் இன்னொரு மாடியில். முதல் மாடிக்காரருக்குப் பாலிமர் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு சந்தோஷம். இரண்டாம் மாடிக்காரருக்கு அது எவ்வளவு கெட்டியோ அவ்வளவு தலைவலி. முதலாமவர் கூடுதல் எண்ணெய்க்குப் பாராட்டு வாங்கிப் பதவி உயர்ந்து போன பிறகுதான், சில வருடம் கழித்து, பாலிமர் மேலே வரும். என்னைக் கேட்டால், முதல் மூட்டையைக் கரைக்கும் முன்பே பிரிப்புத் தொட்டியின் விலையையும் அதே கோப்பில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.

? கடைசியாக ஒரே வார்த்தையில்: லாபமா, நஷ்டமா? (அதே கணக்காளர், சிவகாசி)

லாபம். டாச்சிங் பல ஆண்டுகளாக இப்படி ரசாயனம் செலுத்தி மட்டும் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் எடுத்திருக்கிறது. நஷ்டம் என்றால் அத்தனை வருடம் யாரும் மூட்டை பிரித்துக் கொட்டமாட்டார்கள்.

பார்மரிலும் சானந்திலும் ஓமான் வயல்களிலும் வேலை பார்க்கும் தமிழ் வாசகர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் தொட்டியில் எண்ணெய் பிரிய இப்போது எத்தனை மணி நேரம் ஆகிறது, எந்த மருந்து கேட்டது, எது கைவிட்டது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை கேள்வி நான் கேட்கிறேன், பதில் உங்களுடையது.